பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை

உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் என்றைக்காவது இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள்: "இளங்கலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதியுதவி, விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன." ஆவலோடு படிவத்தை வாங்கிக்கொண்டு அறைக்கு வருகிறீர்கள். பெயர், வகுப்பு, தேர்வு எண் வரையில் பேனா தங்குதடையின்றி ஓடுகிறது. அதன் பிறகு வருகின்றன உண்மையான கேள்விகள். என்ன செய்யப் போகிறீர்கள்? எவ்வளவு பணம் வேண்டும்? எதற்காக வேண்டும்? உங்கள் வேலையை அறிந்து பரிந்துரைக்கக் கூடியவர் யார்? பேனா அங்கே நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிச் சென்னையில் ஓர் இளைஞர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அலைந்தார். அவர் கையில் நிரப்புவதற்குப் படிவம் கூட இல்லை. பட்டமும் இல்லை. எஃப். ஏ. என்று அக்காலத்தில் வழங்கிய இடைநிலைத் தேர்விலேயே தோற்றவர் அவர். அப்படிப்பட்டவருக்கு 1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அவர் யாரென்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள்: சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜனின் மேதைமையைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்கள் சொன்ன கதையும், 1729 என்ற வாடகைக் கார் எண்ணின் கதையும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். அவற்றை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஓர் அலுவலகக் கோப்பு எவ்வாறு நகர்ந்தது என்பதையே நாம் காணப் போகிறோம். கோப்பின் கதை சுவையற்றது என்று எண்ணிவிடாதீர்கள். அது நகராமல் போயிருந்தால், சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுதும் எழுத்தர் ஒருவர் எழுத்தராகவே இருந்திருப்பார்.

கைவிட்டுப் போன முதல் உதவித்தொகை

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் கும்பகோணத்தில். 1904இல் பள்ளிப் படிப்பை முடித்து, அவ்வூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அது எல்லாப் பாடங்களிலும் தேறுகிறவர்களுக்கான உதவித்தொகை. அவரோ கணிதத்தைத் தவிர வேறொன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை ஓடிப் போய்த் திரும்பினார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் அதே கதை. எஃப். ஏ. தேர்வில் ஒருமுறை தோற்று, 1907இல் தனித் தேர்வராக எழுதி மறுபடியும் தோற்றார்.

கல்லூரிகள் அவருக்கு அநீதி இழைத்துவிட்டன என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாப் பாடத்தையும் படி என்று விதித்துக் கொடுக்கும் பணத்தை, ஒரே பாடத்தைப் படிக்கிறவருக்குத் தர முடியாது என்று கல்லூரி சொன்னதில் வியப்பில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. ஒரே பாடத்தை, அதுவும் பாடப்புத்தகத்தில் இல்லாததை, ஆராய்கிற இளைஞனுக்கென்று ஒரு கதவும் அப்போது திறந்திருக்கவில்லை. சென்னைப் பல்கலைக் கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது அதன் வேலை தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே. ஆராய்ச்சி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1904இல்தான். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1910இல், திருமணமாகி வருவாய் ஏதுமின்றி இருந்த இராமானுஜன், திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் காணச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர் அவர். இராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த துணைக் கலெக்டர், இப்படிப்பட்டவரை வருவாய்த் துறையின் அடிப்படியில் போட்டு அமுக்க மனமில்லை என்று மறுத்துவிட்டார். வேலை கேட்டு வந்தவருக்கு வேலை மறுக்கப்பட்டது ஒரு நன்மையாக முடிந்தது. சென்னையில் உள்ளவர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியில்தான் நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவின் தொடர்பு கிடைத்தது. அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பி வந்தார். இதற்கிடையே உதவித்தொகை பெற்றுத் தரவும் முயன்று பார்த்தனர், பலிக்கவில்லை. பிறர் கையை எதிர்பார்த்து நெடுநாள் வாழ இராமானுஜனுக்கும் விருப்பமில்லை.

எழுத்தர் வேலைக்கு ஒரு விண்ணப்பம்

1912 பிப்ரவரி 9ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு இராமானுஜன் எழுதிய விண்ணப்பம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப். ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத சில சூழ்நிலைகளால் மேலே படிக்க இயலாமற் போனதையும் அதில் கூறியிருந்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அவருக்குக் கொடுத்திருந்த நற்சான்று சுவையானது. இளைஞருக்குக் கணிதத்தில் அசாதாரணத் திறமை உண்டு என்று தொடங்கி, கணக்கிடுவதில் வேகமும் இயல்பான திறமையும் உடையவர் என்று முடிகிறது. கணக்கெழுதும் வேலைக்கு வேறென்ன சான்று வேண்டும்? வேலை கிடைத்தது. மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளம்.

ஒரு பரிந்துரைக் கடிதம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் பெற்றுத் தரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

துறைமுகத்தில் அவருக்கு வாய்த்த மேலாளர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் இருவரும் சிலேட்டும் கையுமாக அமர்ந்து கணக்குப் போடுவார்கள். தாள் வாங்கக் கட்டுப்படியாகாத இராமானுஜனுக்குச் சிலேட்டுதான் ஆராய்ச்சிக் கூடம். துடைப்பதற்குத் துணி தேடாமல் முழங்கையாலேயே துடைத்துவிடுவார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அவர் தாவும் தாவலில் நாராயண ஐயர் தடுமாறிப் போவாராம். "என் போன்றவனுக்குப் புரிய வேண்டுமானால் உன்னுடைய இரண்டு படிகளுக்கு நடுவே பத்துப் படிகளாவது எழுத வேண்டும்" என்று அவர் வற்புறுத்தியதாகக் குடும்பத்தார் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். இந்த அறிவுரையின் அருமை விரைவிலேயே தெரிய வந்தது.

இலண்டனும் கேம்பிரிட்ஜும்

1912 நவம்பரில், சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இராமானுஜனின் வேலைகள் சிலவற்றை இலண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் எம். ஜே. எம். ஹில்லுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஹில் அலட்சியம் செய்யவில்லை. படித்துப் பார்த்து டிசம்பரில் விடை எழுதினார். கணிதத்தில் ஆர்வமும் ஓரளவு ஆற்றலும் உடையவர்தாம். ஆனால் விளக்கம் தெளிவாக இல்லை. முடிவில்லாது பெருகிக்கொண்டே போகும் தொடர்களைக் கையாள்வதில் படுகுழியில் விழுந்திருக்கிறார். புரோம்விச் எழுதிய முடிவிலித் தொடர்கள் பற்றிய நூலைப் படிக்கட்டும். இவ்வளவுதான். ஹில் கூறியதில் பெரும்பகுதி நியாயமே. முடிவை மட்டும் எழுதி வழியை எழுதாதவரை யாரும் எளிதில் நம்ப முடியாது அல்லவா?

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜி. எச். ஹார்டிக்கு இராமானுஜனே எழுதினார். அந்தக் கடிதம் உலகப் புகழ் பெற்றது. ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, தேற்றங்கள் நிறைந்த பல தாள்களை உடன் இணைத்திருந்தார். ஹார்டி பிப்ரவரி 8ஆம் நாள் ஊக்கமூட்டும் விடை எழுதினார். நிறுவல்களையும் அனுப்பும்படி கேட்டார். இந்தச் செய்தியை இந்திய அலுவலகத்துக்கும் தெரிவித்தார்.

இனிதான் நமக்கு வேண்டிய இடம் வருகிறது. பிப்ரவரி 27ஆம் நாள் இராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நிறுவலை முழுதும் எழுதினால் நீங்களும் இலண்டன் பேராசிரியரைப் போலவே சொல்வீர்கள் என்று அதில் அவர் தயங்குகிறார். பின்பு, ஒளிவுமறைவின்றி ஒன்று கேட்கிறார். நான் அரைப் பட்டினி கிடப்பவன். மூளையைக் காக்க உணவு வேண்டும். இப்போது என் முதற்கவலை அதுதான். தாங்கள் பரிவோடு ஒரு கடிதம் எழுதினால், இங்கே பல்கலைக் கழகத்திடமிருந்தோ அரசாங்கத்திடமிருந்தோ உதவித்தொகை பெற எனக்குத் துணையாக இருக்கும். இதுவே அவர் கேட்டதன் பொருள்.

முதல் கடிதத்தில் அவர் கேட்டது ஆலோசனையை. ஆறு வாரம் கழித்து, இன்னாரிடமிருந்து இன்னது பெற, இன்ன உதவி தேவை என்று கேட்கத் தெரிந்துகொண்டுவிட்டார். விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட இடம் இதுவே என்பது என் கருத்து.

வாக்கரின் கடிதம்

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் சென்னையில் வேறொன்று நடந்தது. சிம்லாவிலிருந்த இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கர் பிப்ரவரி 25ஆம் நாள் துறைமுகத்துக்கு வந்திருந்தார். நம் பருவமழையைப் பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்தோடு இணைத்துக் காட்டியவர் என்று பின்னாளில் பெயர் பெற்ற அதே வாக்கர்தாம். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்று, டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோவாக இருந்தவர் அவர். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் எழுத்தரின் நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்டினார்.

மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக் கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் நான்கு செய்திகள் உண்டு. கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் கணித ஃபெலோவாக இருப்பவரின் வேலைக்கு ஒப்பிடத்தக்க புதுமை இதில் இருக்கிறது. ஆனால், சூழ்நிலையைக் கருதினால் எதிர்பார்க்கக் கூடியபடி, முழுமையும் துல்லியமும் போதவில்லை. கணிதத்தின் இந்தப் பிரிவுகள் என் துறையல்ல. ஆகவே இவரது திறமையை உறுதியாக மதிப்பிட நான் தகுதியுடையவன் அல்லன். எனினும், பிழைப்பைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகளாவது முழு நேரமும் இவர் கணிதத்திலேயே ஈடுபடப் பல்கலைக் கழகம் வழி செய்தால் அது முற்றிலும் தகும்.

பரிந்துரைக் கடிதம் என்றால் வானளாவப் புகழ்வது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வாக்கர் குறையைச் சொல்கிறார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறார். அதனாலேயே அவர் தெரியும் என்று சொன்னதற்கு எடை கூடிவிடுகிறது. மேலும், கேட்பது என்ன என்பதில் ஐயமே இல்லை. அவர் கேட்பது நேரம். சில ஆண்டுகள், முழு நேரம், கவலையின்றி.

மார்ச் 19ஆம் நாள் பல்கலைக் கழகக் கணிதப் பாடக் குழு கூடியது. அதன் தலைவர், பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பி. அனுமந்த ராவ், அந்தக் கூட்டத்துக்கு நாராயண ஐயரையும் அழைத்திருந்தார். இந்த முடிவுகளை எங்களுக்குப் புரிய வைக்க, எழுதியவரை விட நீங்களே பொருத்தமானவர் என்பது அழைப்பின் சாரம். சிலேட்டில் பத்துப் படிகள் கேட்டு வற்புறுத்திய மனிதர் அன்று எவ்வளவு பயன்பட்டார், பாருங்கள்! மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை தரலாம் என்று குழு பரிந்துரைத்தது.

விதி எங்கே தடுத்தது?

ஏப்ரல் 7ஆம் நாள் ஆட்சிக் குழுவாகிய சிண்டிகேட்டின் முன் இது வந்தது. எதிர்ப்பும் வந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. இவரோ எஃப். ஏ. கூடத் தேறாதவர். எதிர்த்தவர்களைக் குறுகிய மனத்தினர் என்று தள்ளிவிட வேண்டாம். பொதுப் பணத்தைக் காப்பவர்கள் விதியைக் கேட்கத்தான் வேண்டும். இன்று ஒருவருக்குத் தளர்த்தினால் நாளை பத்துப் பேர் வந்து நிற்பார்கள் என்ற அச்சம் எல்லாக் காலத்திலும் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

குழுவில் இருந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேறொரு வழியைக் காட்டினார் என்று கூறப்படுகிறது. விதிமுறைகளில் இடமில்லை, சரி. அந்த விதிமுறைகள் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தனவோ, அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக் கழகச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கல்வியையும் ஆராய்ச்சியையும் வளர்க்கக் கூடிய செயல்கள் அனைத்தையும் செய்யப் பல்கலைக் கழகத்துக்கு அதிகாரம் அளித்திருந்தது. இங்கே ஆராய்ச்சி நடக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. செய்கிறவரிடம் பட்டம் இருக்கிறதா என்பதன்று. இந்த அடிப்படையில், மாகாண ஆளுநரின் ஒப்புதலைப் பெற்று, சிறப்பு உதவித்தொகையாக வழங்குவது என்று முடிவாயிற்று.

விதியை மீறவில்லை, விதிக்கு மேலே இருந்த சட்டத்தைப் படித்தார்கள். ஒன்பது ஆண்டுகளாக அந்த வரி சட்டப் புத்தகத்தில் இருந்தது.

பிப்ரவரி 26இல் கடிதம். மே 1இல் இராமானுஜன் முழுநேர ஆராய்ச்சியாளர். இடையில் கழிந்தவை ஒன்பது வாரங்கள். துறைமுகக் கழகம் அவரை வேலையிலிருந்து விலக்கவில்லை, விடுப்பில் அனுப்பியது. ஸ்பிரிங் முன்யோசனை உள்ளவர்.

மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை

உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் வேலையைப் பற்றிக் கணிதப் பாடக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கை 1913 ஆகஸ்டு 5ஆம் நாளிட்டது. மேதைகள் அறிக்கை எழுதுவதில் அலட்சியமாக இருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். தொகை நுண்கணிதத்தில் தமக்கே உரிய ஒரு முறையை அதில் அவர் விளக்கியிருக்கிறார். பின்னாளில் அது 'இராமானுஜனின் தலைமைத் தேற்றம்' என்று பெயர் பெற்றது.

அதன் கருத்தைச் சூத்திரமின்றிச் சொல்ல முயல்கிறேன். ஒரு சார்பை அடுக்குத் தொடராக விரிக்கிறீர்கள். முதல் உறுப்பின் கெழு இது, இரண்டாவதன் கெழு இது, மூன்றாவதன் கெழு இது என்று அவை ஒரு விதியின்படி வருகின்றன. அந்த விதி பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண்களுக்கு மட்டுமே ஏற்பட்டது. இராமானுஜன் துணிந்து அதே விதியில் எதிர்ம எண்ணைப் பொருத்துகிறார். அச்சார்பைக் குறிப்பிட்ட ஓர் அடுக்கால் பெருக்கிப் பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் வரும் விடை, காமா சார்பு என்ற ஒரு காரணியோடு சேர்ந்து உடனே கிடைத்துவிடுகிறது! பக்கம் பக்கமாகப் போட வேண்டிய தொகையீடுகள் இரண்டு வரியில் முடிகின்றன. எல்லாச் சார்புகளுக்கும் இது பொருந்தாது. எப்போது பொருந்தும் என்ற நிபந்தனைகளைக் கண்டிப்போடு வகுத்தவர் ஹார்டி. வாக்கர் குறிப்பிட்ட "துல்லியம் போதவில்லை" என்பது இதுவே. ஆனால் கருவி இராமானுஜனுடையது.

இரண்டாம் அறிக்கை நவம்பர் 7இல் போயிற்று. மூன்றாவது 1914 மார்ச் 9இல். அப்போது அவர் கப்பலேற எட்டே நாட்கள் இருந்தன. பயண ஏற்பாடும், குடும்பத்தாரின் கலக்கமும், குடுமி எடுக்கும் துயரமும் சூழ்ந்திருந்த அந்த வாரத்திலும் அவர் அறிக்கையை முடித்துக் கொடுத்திருக்கிறார். மூல அறிக்கைகள் பின்னர் காணாமற் போயின. 1925இல் எடுத்து வைத்த கையெழுத்துப் படி ஒன்றினால் செய்தி தப்பியது. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் 1985இல் வெளியிட்ட இராமானுஜன் நோட்டுப் புத்தகங்கள் முதல் தொகுதியில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். மாதம் 75 ரூபாய்க்குச் சென்னைப் பல்கலைக் கழகம் பெற்றுக்கொண்ட பொருளை, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

இருநூற்றைம்பது பவுன்

அடுத்த உதவித்தொகையை விரைவாகச் சொல்லிவிடலாம். ஏனெனில் அது விரைவாகவே கிடைத்தது. 1914 தொடக்கத்தில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் இளைஞர் நெவில், இராமானுஜனை இங்கிலாந்துக்கு வர இணங்கச் செய்தார். ஜனவரி 28ஆம் நாள் அவர் பல்கலைக் கழகத்துக்கு எழுதினார்; ஸ்பிரிங் ஆளுநர் பெண்ட்லண்டின் செயலாளருக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுனும் பயணச் செலவும் ஒதுக்கப்பட்டன. அன்றைய மாற்று விகிதம் பவுனுக்கு 15 ரூபாய். அப்படியானால் இது மாதம் 300 ரூபாய்க்கு மேல். துறைமுகச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கு. இதில் ஆண்டுக்கு 50 பவுன் கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்குப் போயிற்று. ஒருமுறை விதியைத் திறந்து விட்டவர்களுக்கு இரண்டாம் முறை அவ்வளவு தயக்கம் இருக்கவில்லை. மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார்.

எஃப். ஏ. தேறாதவர் 1916 மார்ச்சில் பி. ஏ. ஆனார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. பட்டம் கிடையாது, ஆராய்ச்சி செய்தவருக்கும் பி. ஏ. பட்டமே. அவர் அளித்த ஆய்வு, தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகளை உடைய எண்களைப் பற்றியது. 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அடுத்து 24, அதற்கடுத்து 36. நீங்களே தாளும் பேனாவும் எடுத்து 60 வரை தேடிப் பாருங்கள். இளங்கலை ஆராய்ச்சி இவ்வளவு எளிய இடத்திலிருந்தும் தொடங்கக் கூடும்.

1918இல் இராயல் கழக உறுப்பினர் பதவியும், டிரினிட்டி கல்லூரி ஃபெலோ பதவியும் வந்தன. சென்னைப் பல்கலைக் கழகமும், 1919 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்குவதாக அறிவித்தது. நோயுற்றிருந்த இராமானுஜன் 1919 ஜனவரி 11ஆம் நாள் பதிவாளருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். பதிவாளர் அப்போதும் அதே டியூஸ்பரிதான். இந்தியா திரும்பியபின் எனக்குக் கிடைக்கப் போகும் மொத்தத் தொகை என் தேவைக்கு மிக அதிகம். என் பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுன் கொடுத்து, என் அவசியச் செலவும் போக, எஞ்சுவதைக் கல்விக்குப் பயன்படுத்த வேண்டும். ஏழைச் சிறுவர்களுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், புத்தகம் வாங்கித் தரவும் செலவிடலாம். நான் வந்ததும் அதற்கு ஏற்பாடு செய்ய இயலும் என்று நம்புகிறேன் என்று அதில் எழுதினார்.

அவர் பல்கலைக் கழகத்திடம் செய்த கடைசி விண்ணப்பங்களில் ஒன்று இது. அந்த வசந்த காலத்தில் ஊர் திரும்பினார்; 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில், சென்னையில் காலமானார். அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுத் தொகையில் ஓராண்டுக்குச் சற்று மேல்தான் கழிந்திருந்தது.